ரேக்ல பேனல் ஒக்கார மாட்டேங்குதா? மொதல்ல ஓட்டைய எண்ணுங்க

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல நம்ம கூட வேலை செய்ற தம்பிகிட்டேருந்து போன் வந்தா பாதி நாளு ஒரே விஷயம்தான், "அண்ணே, கடைக்காரன் தப்பு பேனல் குடுத்துட்டான், ஓட்டையே சேர மாட்டேங்குது". நானும் பதினேழு வருஷமா மலேசியா பினாங்குல நெட்வொர்க் சாமான் மாட்டுற ரேக்க நிறுத்தி, அதுல பேனல் (கேபிள் வந்து முடியுற முகத்தகடு) மாட்டுற வேலைதான், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி, ஜார்ஜ்டவுன் கடைவீடு, பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை கோடவுன்னு ரேக் நிறுத்தாத எடம் கம்மி. இத்தன வருஷத்துல நெசமாவே தப்பு பேனல் வந்தது ஒரு கை வெரல்ல எண்ணிடலாம். மத்ததெல்லாம் ஓட்டைய எண்ணாம ஸ்குருவ எடுத்த கேஸ்தான். அதனால எனக்கு வர்ற கம்ப்ளைண்ட் எப்படி வருதோ அப்படியே எழுதுறேன், ஒங்களோடது எதுன்னு பாத்து நேரா அங்க போயிடுங்க. ஆனா முதல் ரெண்டையும் படிச்சிட்டுப் போங்க, பாதிப் பேருக்கு அதுலயே முடிஞ்சிடும்.

கையில டேப், ரசமட்டம், டார்ச்லைட், மல்டிமீட்டர் இருக்கணும். இம்பேக்ட் டிரைவர் வேன்லயே கெடக்கட்டும், அதப் பத்தி பின்னாடி சொல்றேன்.

"மேல் ஸ்குரு போவுது, கீழ் ஸ்குரு மட்டும் ஓட்டைக்கு நேரா வரல"

ரேக் கம்பத்துல பாத்தா ஓட்டையெல்லாம் சம தூரத்துல இருக்குற மாதிரிதான் தெரியும், ஆனா இல்ல. ஒரு ஓட்டையோட நடுவுலேருந்து அடுத்த ஓட்டையோட நடுவுக்கு 15.9 எம்எம், அதுக்கு அடுத்தது மறுபடி 15.9, மூணாவது மட்டும் 12.7, அப்புறம் திரும்ப 15.9, 15.9, 12.7ன்னு உச்சி வரைக்கும் இதே தாளந்தான். மூணையும் கூட்டினா 44.45 எம்எம், பழைய கணக்குல ஒண்ணே முக்கால் இன்ச், அதுதான் ஒரு யு. 1922 வாக்கில அமெரிக்காவுல ஏடி அண்ட் டி டெலிபோன் கம்பெனி புடிச்ச அளவு இது, இன்னைக்கும் இஐஏ-310 ஸ்டாண்டர்டுல அதேதான் ஓடுது, நூறு வருஷம் ஆயிடுச்சு யாரும் மாத்தல.

இப்ப விஷயத்துக்கு வாங்க. நெருக்கமா இருக்குற ரெண்டு ஓட்டை இருக்கு பாருங்க, அந்த 12.7 ஜோடி, அதுக்கு நடுவுலதான் ஒரு யு முடிஞ்சு அடுத்த யு ஆரம்பிக்குது. ஒங்க பேனலோட மேல் வெளிம்பும் கீழ் வெளிம்பும் அந்த நெருக்கமான ஜோடிக்கு நடுவுலதான் வந்து நிக்கணும். 1யு பேனல்ல மேல் ஸ்லாட்டுக்கும் (பேனல் ஓரத்துல ஸ்குரு போற ஓட்டை) கீழ் ஸ்லாட்டுக்கும் 31.75 எம்எம், அதாவது ரெண்டு 15.9. நீங்க ஒரு ஓட்டை தள்ளி ஆரம்பிச்சா கம்பத்துல கெடைக்குறது ஒரு 15.9ம் ஒரு 12.7ம், மொத்தம் 28.6 தான். 3 எம்எம் சொச்சம் ஒதைக்கும். மேல தள்ளி ஆரம்பிச்சாலும் கீழ தள்ளி ஆரம்பிச்சாலும் அதே 3 எம்எம்தான், 2யு பேனலா இருந்தாலும் அதேதான். அதனால கீழ் ஸ்குரு "கொஞ்சூண்டு" தப்புதுன்னு சொன்னா நான் வேற எதையும் கேக்க மாட்டேன், எந்த ஓட்டையில ஆரம்பிச்சன்னு மட்டும் கேப்பேன்.

இந்தக் கொஞ்சூண்டுதான் ஆபத்து. அரை இன்ச் தப்பினா மனுஷன் நிறுத்தி யோசிப்பான், 3 எம்எம் தப்பினா அரத்த எடுப்பான். நம்ம தம்பி ஒருத்தன் அதான் செஞ்சான், ஃபைபர் பேனல் ஆறு, முதல் பேனல் காத, அதான் ஸ்குரு போற ஓரத்த, உருண்டை அரத்தால ராவி உள்ள தள்ளிட்டான், அது ஒக்காந்ததும் அடுத்ததுக்கும் அதே கதி, விடிய விடிய ஆறையும் ராவியிருக்கான். காலையில பசியாறிட்டு நான் போய்ப் பாத்தா அடாப்டர் (ஃபைபர் செருகுற வாய்) மூடி மேலயெல்லாம் இரும்புத் தூள் மினுமினுன்னு ஒக்காந்திருக்கு, மூணு அடாப்டருக்கு மூடியே இல்ல. எல்லாத்தையும் கழட்டி ஒரே ஒரு ஓட்டை கீழ எறக்கினேன், சும்மா போய் ஒக்காந்துச்சு. ஆனா ராவின காது ராவினதுதானே, ஸ்குரு தலைக்கு அடியில பெரிய வாஷர் போட்டு சமாளிச்சோம். அடாப்டர் சுத்தம் பண்ணவே அன்னைக்குப் பொழுது போச்சு.

மார்க்கர் பேனாவ எடுத்து, பேனல் வர்ற யு-வோட மூணு ஓட்டையையும் ரெண்டு கம்பத்துலயும் புள்ளி வச்சிட்டு அப்புறம் பேனல தூக்குங்க. புது ரேக்ல கோடும் நம்பரும் அச்சடிச்சே வருது, அப்ப இன்னும் சுலபம். ஆனா நம்பர் கீழேருந்து மேல ஏறுதா மேலேருந்து கீழ எறங்குதான்னு பாத்துக்கோங்க, பழைய ரேக் சிலதுல மேலேருந்து எண்ணியிருப்பான், டிராயிங்ல 20ன்னு போட்டிருக்குறத நீங்க அந்த 20ல மாட்டுனா வேற எடத்துக்குப் போயிடும்.

"ஸ்குரு எல்லாம் போச்சு, ஆனா பேனல் கோணலா நிக்குது"

எடது பக்கம் ஒரு யு, வலது பக்கம் அதுக்கு அடுத்த யு, இல்லன்னா ஒரு பக்கம் மட்டும் ஒரு ஸ்குரு போட்டு அது ஒரு ஓட்டை மாறிப் போச்சு. பின்னாடி போய் நின்னு டார்ச் அடிச்சு ரெண்டு பக்கமும் கீழேருந்து எண்ணுங்க, முன்னாடி நின்னு எண்ணுனா கண்ணு ஏமாத்தும்.

எண்ணிக்கை ரெண்டு பக்கமும் சரியா இருந்தும் கோணல்னா ரேக்கே கோணல். ரசமட்டத்த பேனல் மேல வைக்காதீங்க, ரேக் அடிக்கட்டை மேலயும் உச்சிக்கட்டை மேலயும் வைங்க, கம்பத்துக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்க. அப்புறம் மூலைக்கு மூலை டேப் புடிங்க, மேல் எடது மூலையிலேருந்து கீழ் வலது மூலை, மேல் வலதுலேருந்து கீழ் எடது, ரெண்டும் ஒரே அளவு வரணும். வரலன்னா ரேக்க கோத்தப்பவே ஒவ்வொரு போல்ட்டையும் போட்ட ஒடனே இறுக்கிட்டாங்கன்னு அர்த்தம். எல்லா போல்ட்டையும் அரைச் சுத்து லூஸ் பண்ணி, நீளமா இருக்குற மூலையப் புடிச்சு அமுக்கி, அளவு சமமானதும் இறுக்குங்க. பேனல் ஏத்தின ரேக்ல இத செய்யாதீங்க, எறக்கிட்டு செய்ங்க, சோம்பேறித்தனம் பட்டா டபுள் வேலை.

"ஸ்குரு ரெண்டு சுத்து போய் நின்னுடுது" இல்லன்னா "சுத்திக்கிட்டே இருக்கு, இறுகவே மாட்டேங்குது"

இது ரெண்டும் அண்ணன் தம்பி, அப்பா ஒருத்தர்தான், ஸ்குரு மாறிப் போச்சு.

நம்ம ஊரு கடையில ரேக் ஸ்குருன்னு கேட்டா கைநெறைய அள்ளிக் குடுக்குறது எம்6, கேஜ் நட்டோட (சின்னக் கூண்டுக்குள்ள இருக்குற நட்) வர்றது. சதுர ஓட்டை வச்ச நாலு கம்பம் ரேக்குக்கு அது சரி. ஆனா டெலிகாம்ல ரெண்டு கம்பம் ரேக் இருக்கே, அமெரிக்க பாணி, ஓட்டையிலயே மரை போட்டு வரும், அதுல பெரும்பாலும் 12-24ன்னு அமெரிக்க அளவு ஸ்குரு, சிலதுல 10-32. எம்6 ஸ்குரு 6 எம்எம் தடிமன், மரைக்கு மரை 1 எம்எம். 12-24 ஸ்குரு 5.5 எம்எம் தடிமன், மரைக்கு மரை ஏறக்குறைய 1.06. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுபோலதான் இருக்கும். எம்6-அ 12-24 ஓட்டையில வெரலால போட்டா ஏறவே ஏறாது, மெஷினால போட்டா ஏறும், ஏறி மரைய சீவிட்டுதான் நிக்கும். திருப்பி 12-24 ஸ்குருவ எம்6 கேஜ் நட்ல போட்டா லொடலொடன்னு போவும், புடிச்ச மாதிரி இருக்கும், கடைசி இறுக்குல வழுக்கும்.

ஆனா நல்லா ஏமாத்துறது 10-32ம் எம்5ம்தான். ஒண்ணு 4.83 எம்எம், இன்னொண்ணு 5 எம்எம், மரை இடைவெளி ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே 0.8. 10-32 ஸ்குரு எம்5 நட்ல வெண்ணெயில கத்தி போற மாதிரி போவும், நாமளும் சந்தோஷப்படுவோம், ஆறு மாசம் கழிச்சு ஃபேன் அதிர்வுல தானா எறங்கி வந்து தரையில கெடக்கும்.

கடையில வேர்னியர் இல்லன்னா பரவால்ல. சந்தேகமான ஸ்குருவையும் சரின்னு தெரிஞ்ச ஸ்குருவையும் எடுத்து, மரையோட மரை படுற மாதிரி பக்கத்துல பக்கத்துல ஒட்டி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதுக்கத் தூக்கிப் புடிங்க. ஒரே இனம்னா பல்லு பல்லுக்குள்ள போய் ஒக்காந்துக்கும், வெளிச்சம் வராது. வேற இனம்னா ஒரு முனையில பல்லு சேரும், இன்னொரு முனைக்குப் போகப் போக பல்லு மேல பல்லு ஏறி நடுவுல வெளிச்சம் கீத்து கீத்தா தெரியும். அஞ்சு செகண்ட் வேலை, எத்தனையோ கம்பத்த காப்பாத்தியிருக்கு.

ஜார்ஜ்டவுன்ல ஒரு கடைவீட்டு மாடி, தௌக்கே (மொதலாளி) காசு மிச்சம் பண்றேன்னு எங்கேயோ ஃபேக்டரி மூடுற எடத்துல பழைய ரெண்டு கம்பம் ரேக் வாங்கிப் போட்டிருந்தாரு, அலுமினியம். எங்களுக்கு முன்னாடி வந்த ஆளு ஒரு பை எம்6 ஸ்குருவும் இம்பேக்ட் டிரைவரும் வச்சிக்கிட்டு மேலேருந்து கீழ வரைக்கும் அடிச்சு எறக்கிட்டாரு. அலுமினியம் பாவம், என்ன செய்யும், ஏத்துக்கிச்சு. நாங்க கழட்டும்போது ஸ்குருவோட சேந்து சுருள் சுருளா மரையும் வெளிய வந்துச்சு, தேங்காத்துருவல் மாதிரி தரையில. அதுக்குதான் இம்பேக்ட் டிரைவர் வேன்லயே கெடக்கட்டும்னேன். ஒவ்வொரு ஸ்குருவும் முதல் மூணு சுத்து வெரலால போவணும், போவலன்னா எடுத்துப் பாருங்க, பலத்தக் காட்டாதீங்க.

மரை போன ஓட்டைக்கு என்ன செய்றது? கம்பத்துக்குப் பின்னாடி கை போற எடமா இருந்தா நீளமான ஸ்குரு போட்டு பின்னாடி வாஷரும் நட்டும் வச்சு இறுக்கிடுங்க, அசிங்கமா இருக்கும், ஆனா புடிக்கும். கை போவலன்னா மரை இன்சர்ட்டுன்னு சுருள்கம்பி மாதிரி ஒண்ணு இருக்கு, ஓட்டைய கொஞ்சம் பெருசு பண்ணி புது மரை வெட்டி அதத் திருகி விட்டா பழைய சைஸ் ஸ்குருவே போடலாம். அந்தத் தௌக்கேகிட்ட பதினோரு ஓட்டைக்கு அப்படிப் போட்டோம், புது ரேக்கே வாங்கியிருக்கலாம்னு அவரே சொன்னாரு.

ஸ்குரு சுத்தும்போது கூடவே கேஜ் நட்டும் சுத்துற சத்தம் கேட்டா அது வேற, கூண்டு விரிஞ்சு போச்சு, உள்ள இருக்குற நட் சும்மா சுத்துது. பின்னாடி பிளாயரால நட்டைப் புடிச்சிக்கிட்டு ஸ்குருவ வெளிய எடுங்க, நட்டைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டுங்க. கூண்ட நசுக்கி திரும்ப மாட்டுறவங்கள பாத்திருக்கேன், ரெண்டு மூணு வெள்ளிய (ரிங்கிட்) மிச்சம் பண்ணி என்னத்த கட்டப் போறோம்.

"கேஜ் நட் ஓட்டையில நிக்க மாட்டேங்குது, ஸ்குரு வச்சாலே பின்னாடி விழுது"

கேஜ் நட்ட கம்பத்தோட உள்பக்கத்துலேருந்து மாட்டணும், ஸ்குரு முன்னாடியிலேருந்து வந்து நட்ட கம்பத்தோட இழுத்து வச்சு அமுக்கணும். முன்பக்கத்துலேருந்து மாட்டுனா ஸ்குருவோட பலமெல்லாம் அந்தச் சின்ன ரெண்டு காது மேலதான், டக்குன்னு வந்துடும்.

காது எடது வலதா நிக்கணும், மேல கீழயா இல்ல. ஏன்னா அந்தச் சதுர ஓட்டை 9.5 எம்எம், நெருக்கமான ஜோடிக்கு நடுத் தூரம் 12.7, கழிச்சா ரெண்டு ஓட்டைக்கு நடுவுல இரும்பு 3.2 எம்எம்தான் மிச்சம். மேல் ஓட்டை நட்டோட காதும் கீழ் ஓட்டை நட்டோட காதும் அந்த 3 எம்எம்ல சண்டை போட்டுக்கும், ரெண்டாவது நட் சரியா ஒக்காராது.

எல்லாம் சரியா மாட்டியும் ஆடுதுன்னா தகட்டு தடிமன் பாருங்க. கேஜ் நட் ஒவ்வொண்ணும் ஒரு தடிமனுக்குன்னு செஞ்சது, ஒல்லித் தகட்டுக்கு உள்ளத தடிச்ச கம்பத்துல மாட்ட முடியாது, தடிச்சதுக்கு உள்ளது ஒல்லித் தகட்டுல லொட லொடன்னு ஆடும். பழைய நட்டும் புது நட்டும் ஒரே டப்பாவுல கொட்டி வச்சிருக்குற ஆளுங்களுக்குதான் இந்த வியாதி.

மாட்டுறதுக்குன்னு வளைஞ்ச தகடு ஒண்ணு வருது, நட்டுப் பையோடயே இலவசமா குடுப்பான், எல்லாரும் தூக்கிப் போட்டுட்டு தட்டை ஸ்குரு டிரைவரால நெம்புவாங்க. வழுக்கினா எங்க குத்தும்னு என் எடது கை பெருவெரல் நெகத்தப் பாத்தா தெரியும்.

"பேனல் அகலமே சேரல"

கம்பத்துல எடது ஓட்டை நடுவுலேருந்து வலது ஓட்டை நடுவுக்கு டேப் புடிங்க. 465 எம்எம் வந்தா அது 19 இன்ச் ரேக், பேனல் முகம் 482.6 எம்எம் இருக்கும். பேனல் ரெண்டு பக்கமும் ஒரே அளவு குட்டையா நடுவுல தொங்குதுன்னா அது 23 இன்ச் ரேக்கா இருக்கலாம், பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பக்கம் பயன்படுத்தினது, பேனல் முகம் 584 எம்எம். இல்லன்னா ஐரோப்பா பாணி எட்சி ரேக், 535 எம்எம் முகம், அதுல ஓட்டைங்க 25 எம்எம்முக்கு ஒண்ணுன்னு சமமா இருக்கும், 15.9 தாளமே கெடையாது. ரெண்டுக்கும் 19 இன்ச்சுக்கு கொறைக்கிற அடாப்டர் காது கெடைக்கும், ஜோடியா வாங்கி முதல்ல அத மாட்டிட்டு அது மேல பேனல். அடாப்டர் வாங்கும்போது அதோட முன்பக்கத்துல 15.9, 15.9, 12.7 ஓட்டை இருக்கான்னு பாருங்க, இல்லன்னா முதல் கம்ப்ளைண்ட்டுக்கே திரும்பி வந்துடுவீங்க.

465 எம்எம் மேல சரியா வந்து நடுவுல 462, இல்ல 468ன்னு வந்தா கம்பம் வளைஞ்சிருக்கு. லோரியில படுக்கப் போட்டு அது மேல வேற சாமான் ஏத்தின ரேக்கா இருக்கும். பேனல் காதுல ஸ்லாட் படுத்த முட்டை வடிவத்துல இருக்குறதே இந்த ரெண்டு மூணு எம்எம்ம சமாளிக்கத்தான், அதனால சின்ன வளைவுன்னா எடது பக்கம் லூசா மாட்டி வலது பக்கம் மாட்டி அப்புறம் ரெண்டையும் இறுக்குங்க. பெட்டி மாதிரி உள்ள போற சாமானுக்கு இந்தச் சலுகை கெடையாது, கம்பத்துக்கு நடுவுல வழி 450 எம்எம் கெடைக்கணும், அது கொறஞ்சிருந்தா ரேக்க திருப்பிக் குடுத்துடுங்க.

"பத்து பேனல் போச்சு, பதினோராவது நொழைய மாட்டேங்குது"

1யு பேனல் ஒசரம் 44.45 இல்ல, அதவிட 0.8 எம்எம் கம்மி, 43.7 கிட்ட இருக்கும். அந்த 0.8தான் பேனலுக்கும் பேனலுக்கும் நடுவுல இருக்குற மூச்சு. மலிவு பேனல்ல பெயிண்ட் தடிச்சு அந்த மூச்ச தின்னுடுவான், ஒவ்வொண்ணும் பக்கத்துல இருக்குறத கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளும், கடைசியில நடுவுல விட்ட எடத்துல மாட்டப் போற பேனல் மாட்டிக்கும். எல்லாத்தையும் அரைச் சுத்து லூஸ் பண்ணுங்க, அடியிலேருந்து ஒண்ணொண்ணா ஸ்லாட்டுல இருக்குற ஆட்டத்துக்கு கீழ அமுக்கி இறுக்கிட்டு மேல வாங்க, பெரும்பாலும் எடம் கெடச்சிடும். சுத்தியலால தட்டாதீங்க, பேட்ச் பேனல் பின்னாடி க்ரோன் பண்ண (டூலால குத்தி எறக்கின) வயரு அதிர்ச்சியில எகிறும்.

"ரெண்டு கம்பம் ரேக், சாமான் மாட்டுனதும் முன்னாடி தொங்குது" / "ரேக்கே ஆடுது"

பேட்ச் பேனலும் ஃபைபர் பேனலும் லேசு, முன்காதுலயே நிக்கும். நீளமான ஸ்விட்சு, பேட்டரி, யுபிஎஸ் மாதிரி கனமானத முன்காதுல மட்டும் தொங்கவிட்டா காது வளையும், இல்ல கம்பம் முறுக்கும். பெட்டியோட நடுவுல காது மாட்டுற ஓட்டை இருக்கான்னு பாருங்க, இருந்தா பாதி முன்னாடி பாதி பின்னாடின்னு தராசு மாதிரி நிக்கும். இல்லன்னா ஷெல்ஃப் போடுங்க, இல்ல நாலு கம்பம் ரேக்குக்கு மாத்துங்க. கனம் எப்பவும் அடியில.

ரேக்கே ஆடுனா தரைய பாருங்க. ரெண்டு கம்பம் ரேக்க தரையில போல்ட் அடிக்காம நிறுத்துறது வேலையே இல்ல, ஒரு சாமான வெளிய இழுத்தாலே ஆள் மேல சாயும். சிமெண்ட் தரைக்கு ஆங்கர் போல்ட், நாலு மூலையும். தூக்கின தரைன்னா, அந்த 600க்கு 600 எம்எம் பலகை போட்ட கம்ப்யூட்டர் ரூம் தரை, பலகையில போல்ட் அடிச்சு நிம்மதியா தூங்காதீங்க, நீளமான மரைக்கம்பி போட்டு அடியில இருக்குற சிமெண்ட்ல போய் புடிக்கணும்.

ஜார்ஜ்டவுன் கடைவீட்டு மாடிதான் தனிக் கதை. பலகைத் தரை, ஆள் நடந்தாலே ரேக் தலையாட்டும், ரசமட்டம் காலையில ஒண்ணு காட்டும் மத்தியானம் எட்டு பேரு மேல வந்ததும் வேற காட்டும். ரேக்க தரை நடுவுல நிறுத்தாதீங்க, செவுத்து ஓரமா, அடியில உத்தரம் ஓடுற எடத்துல நிறுத்துங்க. உத்தரம் எங்கன்னு கீழ் மாடிக்குப் போய் அண்ணாந்து பாத்தா தெரியும், பலகையில ஆணி வரிசையும் காட்டிக் குடுக்கும். அடியில தடிச்ச இரும்புத் தகடு போட்டு ரெண்டு உத்தரத்துக்குப் பரவுற மாதிரி போல்ட் போடுங்க, உச்சியில கம்பி கட்டி செவுத்தோட இழுத்து வைங்க. பழங்காலத்து கட்டடம்னா செவுத்துல ட்ரில் போடுறதுக்கு முன்னாடி சொந்தக்காரர கேட்டுடுங்க, நம்ம ஜார்ஜ்டவுன் 2008லேருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, இஷ்டத்துக்கு ஓட்டை போட முடியாது.

"கேபிள் செருகினா கதவு மூடல"

முன்கம்பம் கதவுக்கு ரொம்ப கிட்ட இருக்கு. நாலு கம்பம் ரேக்ல கம்பம் முன்ன பின்ன நகரும், ஒரு உள்ளங்கை அகலம் உள்ள தள்ளுங்க. ஆனா பேனல் ஏத்தறதுக்கு முன்னாடி தள்ளுங்க லா, நாப்பது கேபிள் க்ரோன் பண்ணிட்டு கம்பத்த தள்ளுறேன்னு நிக்காதீங்க. கதவ அமுக்கி மூடிடலாம்னு ஃபைபர மடிச்சிடாதீங்க, சாதா ஜி.652 ஃபைபருக்கு 30 எம்எம் ரேடியஸுக்குக் கீழ வளைவு ஆகாது.

"பேனல் நல்லா ஒக்காந்துச்சு, ஆனா எர்த் டெஸ்ட்ல ஃபெயில்"

பெயிண்ட். கருப்பு பவுடர் கோட்டிங் பாக்க அழகா இருக்கும், கரண்டுக்கு அது ரப்பர் மாதிரி. மல்டிமீட்டர ஓம்ல வச்சு ஒரு முனை பேனல் தகட்டுல, பெயிண்ட் இல்லாத எடமா பாத்து வைங்க, இன்னொரு முனை ரேக் எர்த் பார்ல (எர்த் வயரெல்லாம் சேர்ற பட்டை). முதல்ல ரெண்டு முனையையும் ஒண்ணோடொண்ணு தொட்டு மீட்டரோட சொந்தக் கணக்க பாத்துக்கோங்க, அதுக்குக் கிட்டவே வந்தா சரி. கிலோ ஓம்ல வந்தா, இல்ல ஒண்ணுமே காட்டலன்னா, ஸ்குரு பெயிண்ட் மேல நிக்குது. பல்லு வச்ச ஸ்டார் வாஷர் ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு மூலையிலாவது போடுங்க, அது பெயிண்ட்ட கடிச்சு இரும்பத் தொடும். ஷீல்டு போட்ட பேட்ச் பேனல்னா பின்னாடி எர்த் போல்ட்டே குடுத்திருப்பான், அதுக்குத் தனி பச்சை மஞ்ச வயரு எர்த் பாருக்கு. ஒரு பேனல்லேருந்து இன்னொரு பேனலுக்கு சங்கிலி மாதிரி கோக்காதீங்க, நடுவுல ஒண்ண கழட்டுனா அதுக்கப்புறம் உள்ளதெல்லாம் அந்தரத்துல நிக்கும். ரேக்லேருந்து ரூம் எர்த் பாருக்கு போற வயரு பெரும்பாலும் 16 ஸ்கொயர் எம்எம் போடுவோம். அதுக்கு மேல மெயின் போர்டு பக்கம் கைய வைக்காதீங்க, அது பதிவு பண்ண வயர்மேன் வேலை.

"மாட்டுறதுக்கு முன்னாடி லைன் இருந்துச்சு, மாட்டுனதும் போயிடுச்சு"

பேனல உள்ள தள்ளும்போது பின்னாடி கேபிள் கட்டு மடங்கியிருக்கும். கேட்6 கேபிள் 6 எம்எம் தடிமன்னா அதுல நாலு மடங்கு, 24 எம்எம் ரேடியஸ், அதவிட சின்னதா வளைக்கக் கூடாது. பிளாஸ்டிக் கேபிள் டைய பல்லக் கடிச்சு இறுக்கியிருந்தா வெட்டிட்டு வெல்க்ரோ போடுங்க. க்ரோன் பண்ண எடத்துல முறுக்கு பிரிச்சது 13 எம்எம்ம தாண்டியிருக்கான்னும் பாருங்க. ஃபைபர்னா முனைய கண்ணுக்கு நேரா வச்சு வெளிச்சம் வருதான்னு பாக்குற வேலை வேணாம், 1310, 1550 நேனோமீட்டர்ல ஓடுற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ணுக்குள்ள போவும். பவர் மீட்டர் எதுக்கு இருக்கு.

"ஸ்குரு எல்லாம் வெள்ளப் பொடி, துரு, கழட்டவே முடியல"

தீவுல வேலை செய்றவங்களுக்கு இது சொந்தக் கதை. கடலோரம் ஏசி இல்லாத ரூம்ல ஜிங்க் பூசின ஸ்குரு வெள்ளப் பொடி பூத்து அப்புறம் செவப்பாகும். ஸ்டெயின்லெஸ் போடலாம், ஆனா ஸ்டெயின்லெஸ் ஸ்குருவ ஸ்டெயின்லெஸ் நட்ல காஞ்சபடி மெஷினால வேகமா ஓட்டுனா நடு வழியில ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டு முன்னயும் போவாது பின்னயும் வராது, தலைய அறுத்துதான் எடுக்கணும். ஒரு சொட்டு ஆன்ட்டி சீஸ் கிரீஸ் தடவி கையால மெதுவா போடுங்க. ஏற்கனவே புடிச்சிக்கிட்டதுக்கு துரு எண்ணெய் அடிச்சிட்டு ஒரு தேத்தாரே டீ குடிச்சிட்டு வாங்க, வந்து முதல்ல இறுக்குற பக்கம் ஒரு நூல் திருகி அப்புறம் கழட்டுற பக்கம் திருகுங்க. அதுக்கும் வரலன்னா கிரைண்டர எடுக்குறதுக்கு முன்னாடி ரேக் முழுக்க பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுங்க, அடாப்டர் மூடிங்க எல்லாம் இருக்கான்னு எண்ணிட்டு.